குறை உள்ள வீட்டை விக்கேக்க: திருத்திப்போட்டு விக்கிறதா, சொல்லிப்போட்டு விக்கிறதா, சொல்லாமல் விக்கிறதா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு அக்கா கேட்டவ, "தம்பி, எங்கட மேல்மாடி 2001ல பிளான் போடாமல் கட்டினது, இப்ப வீட்டை விக்கப்போறம், பாக்க வாறவையிட்ட இதைச் சொல்லோணுமே?" எண்டு. டொரொன்டோவில இருந்து ஒரு அண்ணை, வெள்ளவத்தை லேன் ஒண்டுக்குள்ள இருக்கிற தகப்பன்ர வீடு, தகப்பன் செத்து மூண்டு வருசம், உறுதி இன்னும் அவற்ற பேரில, கீழ் வீட்டில வாடகைக்கு ஆக்கள் இருக்கினம், அதை இருந்த இடத்தில இருந்தே வித்துக் குடுக்கேலுமோ எண்டு கேட்டவர். மூண்டாவது கிருலப்பனையில பிளாட் வச்சிருக்கிற ஒரு டீச்சர், மழை பெஞ்சால் படுக்கையறைச் சுவரில தண்ணி ஊறுது, புரோக்கர் "பெயின்ட் அடிச்சு விடுங்கோ மிஸ், ஜனவரியில காட்டுவம்" எண்டு சொல்லியிருக்கிறார், அவவுக்கு மனம் ஒப்பேல்ல.

மூண்டு பேற்ற பிரச்சினையும் வேற வேற மாதிரித் தெரிஞ்சாலும் முடிவெடுக்க வேண்டியது ஒண்டுதான். குறையைத் திருத்திப்போட்டு விக்கிறதா, இருக்கிற மாதிரியே எழுத்தில சொல்லிப்போட்டு விக்கிறதா, வாயைத் திறக்காமல் விக்கிறதா. நான் லோயர் இல்ல, எங்கட சொந்தத்துக்குள்ள நாலு வீடு விக்கேக்க மாநகர சபைக்கும் நொத்தாரிசிட்டயும் காணிப் பதிவகத்துக்கும் ஓடித் திரிஞ்ச ஆள், அதில படிச்சதைத்தான் இதில எழுதுறன். உங்கட உறுதியைக் கையில வச்சுப் பாக்கிற லோயர் சொல்லுறதுதான் கடைசிச் சொல்லு.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது

சில நாடுகளில வீடு விக்கிறவர் குறை எல்லாத்தையும் ஒரு படிவத்தில நிரப்பிக் குடுக்கோணும் எண்டு சட்டம் இருக்கு. இலங்கையில அப்பிடி ஒரு படிவம் இல்ல. அதால கனபேர் நினைக்கிறது, கேட்டால் சொல்லுவம், கேக்காட்டி சொல்லத் தேவையில்ல எண்டு. இது பெரிய பிழை. காணி வீடு விக்கிறதில எங்களுக்கு அடிப்படையா இருக்கிறது ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன ரோமன் டச்சுச் சட்டம், அதில படிவம் இல்லாட்டியும் பொறுப்பு இருக்கு.

அந்தச் சட்டம் குறையை ரெண்டாப் பிரிக்குது. வந்து பாக்கிற ஒரு சாதாரண ஆளின்ர கண்ணுக்குத் தெரியிற குறை, உடைஞ்ச கேட், வெடிச்ச ஓடு, இதெல்லாம் வேண்டுறவர் பாத்து வேண்டியதாத்தான் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத குறை, கூரை மரத்துக்குள்ள கறையான், சுவருக்குள்ள ஊறுற தண்ணி, நிலத்துக்குக் கீழ உடைஞ்சிருக்கிற குழாய், இதுக்கு விக்கிறவர் தனக்குத் தெரியாமல் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டி வரலாம், வேண்டினவர் விலையில ஒரு பகுதியைத் திருப்பிக் கேக்கலாம், குறை பெரிசெண்டால் வித்ததையே ரத்துச் செய்யக் கேக்கலாம். தெரிஞ்சு கொண்டு மறைச்சிருந்தால் அதுக்கு மேல நட்டஈடும் சேரும். "இருக்கிறபடி விக்கிறன்" எண்டு அக்ரிமென்டில ஒரு வரி போட்டால் எல்லாம் சரி எண்டு புரோக்கர்மார் சொல்லுவினம், அந்த வரி தெரியாத குறைக்குத்தான் காப்பு, தெரிஞ்சு வேணுமெண்டு மறைச்சவருக்கு அது கை குடுக்காது.

இதை விட இன்னும் ரெண்டு பொறுப்பு இருக்கு. ஒண்டு உரிமை, பிறகு வேற ஒராள் வந்து "இது என்ர காணி" எண்டு வழக்குப் போட்டால் வித்தவர் நிண்டு காப்பாத்திக் குடுக்கோணும். மற்றது வெறுமையான கையளிப்பு, வேற விதமாப் பேசிக் கொள்ளாட்டி வீட்டை ஆள் இல்லாமல் குடுக்கோணும்.

எதை வச்சு முடிவெடுக்கிறது

விலையை மட்டும் பாக்காதேங்கோ. நான் பாக்கிறது அஞ்சு விசயம். கையில வாற காசு எவ்வளவு, அதுக்கு முந்திக் கையால போற காசு எவ்வளவு, எத்தினை மாசம் எடுக்கும், வேண்டுறவருக்கு வங்கி லோன் குடுக்குமோ, வித்து முடிஞ்ச பிறகு உங்கட கதவைத் தட்ட ஆள் வருமோ. கொழும்பில நாலாவதைத்தான் ஆக்கள் மறந்து போகினம். லோன் எடுக்கிறவர் எண்டால் வங்கியின்ர லோயர் 30 வருச உரிமையைத் தேடிப் பாப்பார், காணிப் பதிவக எக்ஸ்ட்ராக்ட், அனுமதிச்ச கட்டட பிளான், சிஓசி எண்டு சொல்லுற இணக்கச் சான்றிதழ், தெருக்கோட்டுச் சான்றிதழ், காணி சுவீகரிக்கப்படேல்ல எண்ட கடிதம், சோலைவரி கட்டின ரசீது எல்லாம் கேப்பார். நீங்கள் சொல்லாமல் விட்ட குறை அந்த மேசையில எப்பிடியும் வெளியில வரும்.

திருத்திப்போட்டு விக்கிறது

அனுமதி இல்லாமல் கட்டின பகுதிக்குப் பிறகு அனுமதி எடுக்கிறதைக் கவரிங் அப்ரூவல் எண்டு சொல்லுவினம். சர்வேயர் அளக்கோணும், பிளான் கீறுறவர் இருக்கிறபடி கீறோணும், மாநகர சபைக்குக் குடுக்கோணும், சதுர அளவுக்கு ஏற்ற கட்டணம் கட்டோணும், அதுக்குப் பிறகுதான் சிஓசி. கட்டணத்தை விடக் காலம்தான் பெரிய செலவு, நீங்கள் ஆறு மாசம் எண்டு நினைச்சால் மனதுக்குள்ள ஒரு வருசம் எண்டு வச்சுக் கொள்ளுங்கோ. அந்த நேரத்தில சந்தை மாறலாம், வந்த ஆள் வேற வீடு பாத்துப் போகலாம்.

எல்லாத்தையும் திருத்தவும் ஏலாது, தொடங்க முந்தி இதைப் பாருங்கோ. மேல்மாடியின்ர ஒரு பக்கம் தெருக்கோட்டுக்குள்ள, அதாவது தெருவுக்கெண்டு ஒதுக்கின எல்லைக்குள்ள, நிக்குதெண்டால் அதுக்கு அனுமதி கிடைக்கிறது மிச்சம் கஷ்டம். சகோதரங்கள் காணியைப் பிரிச்சு ஆளுக்கொரு துண்டா விக்க நினைச்சால், நகர அபிவிருத்தி அதிகார சபையின்ர சாதாரண விதிப்படி ஒரு துண்டு 150 சதுர மீட்டர், அதாவது 6 பேர்ச் அளவில இருக்கோணும், 10 பேர்ச் காணியை ரெண்டாக்கேலாது. அதால காசு செலவழிக்க முந்தி அளவைப்படத்தோட ஒருக்கா மாநகர சபைப் பொறியியல் பகுதியில போய்க் கேட்டிட்டு வாங்கோ, இந்த ஒரு நடை உங்களுக்குப் பல லட்சம் மிச்சம் பிடிச்சுத் தரும்.

ஒழுக்கு, கறையான், வயரிங் மாதிரியான குறையளைத் திருத்துறது வேற கதை. அது ஒரு மழைக்காலத்துக்குள்ள முடியிற வேலை, ரசீதை வச்சிருந்து வேண்டுறவருக்குக் காட்டினால் அவர் நம்புவார். திருத்தினது எண்டதையும் சொல்லுங்கோ, 2024ல சிலாப் ஒழுகினது, நீர்க்காப்புப் பூசினது, இந்தா ரசீது எண்டு. திருத்தினால் சொல்லத் தேவையில்ல எண்டு இல்ல, அது திருப்பி ஒழுகினால் முந்தி ஒழுகினது உங்களுக்குத் தெரியும் எண்டுதான் வரும்.

சொல்லிப்போட்டு விக்கிறது

எனக்குப் பிடிச்ச வழி இது, மறைக்காமல் சொல்லுறன். விலையில கொஞ்சம் குறையும், வேண்டுறவர் குறையைக் கையில பிடிச்சுக் கொண்டு பேரம் பேசுவார், லோன் எடுக்கிற ஆக்கள் கனபேர் விலகுவினம், மிஞ்சுறது கைக்காசு உள்ளவை, இல்லாட்டி இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்ட வாறவை. பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீடெண்டால் ஆக்கள் பாக்கிறது காணியைத்தான், மேல்மாடிக்குப் பிளான் இருக்கோ இல்லையோ அவைக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

ஆனால் வாயால சொன்னது சொன்னதாகாது. எங்கட மாமி ஒராள் வீடு விக்கேக்க பின் மதில் பக்கத்து வீட்டுக்காரரோட தகராறு எண்டு வேண்ட வந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்துக் கொண்டே வடிவாச் சொன்னவ, நானும் பக்கத்தில இருந்தனான், எட்டு மாசத்தால அதே ஆளின்ர லோயர் கடிதம் வந்தது, மதில் தகராறு மறைக்கப்பட்டதெண்டு. சொன்னதுக்கு ஒரு துண்டுக் கடதாசி எங்களிட்ட இல்ல. கடைசியில காசு குடுத்துத்தான் தீர்த்தது. மாமி அழுதது காசுக்கில்ல, தன்னைப் பொய்க்காரி எண்டு எழுதிப்போட்டினம் எண்டதுக்கு. அண்டையில இருந்து நான் ஆரைக் கண்டாலும் எழுதுங்கோ, எழுதுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

எழுதுற விதம் சிம்பிள். விற்பனை அக்ரிமென்டோட ஒரு இணைப்புத்தாள், அதில "மேல்மாடி 2001இல் கட்டப்பட்டது, மாநகர சபை அனுமதியும் இணக்கச் சான்றிதழும் பெறப்படவில்லை, கொள்வனவாளர் இதை அறிந்தே விலைக்கு உடன்பட்டார்" எண்டு நேரா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கோணும். "சிறு குறைகள் இருக்கலாம்" எண்டு பொதுவா எழுதினால் பிரயோசனமில்ல, எந்தச் சுவர், எந்த வருசம், என்ன திருத்தினது எண்டு வரோணும். வெள்ளம் வந்த இடமெண்டால் அதையும் எழுதுங்கோ, 2016 மே மாசம் கொலன்னாவைப் பக்கம் களனி கங்கை என்ன செய்ததெண்டு கொழும்பில எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, ஆனால் வெளிநாட்டில இருந்து வந்து வேண்டுறவருக்குத் தெரியாது.

இன்னொரு விசயம், 1840ம் ஆண்டு 7ம் இலக்க மோசடிகள் தடுப்புச் சட்டத்தால, காணி விக்கிறதும் சரி, விக்கிறன் எண்டு உடன்படுற அக்ரிமென்டும் சரி, நொத்தாரிசுக்கும் ரெண்டு சாட்சிக்கும் முன்னால கையெழுத்து வைச்சால்தான் செல்லும். முத்திரை ஒட்டின கடதாசியில அட்வான்ஸ் வாங்கினதுக்கு எழுதிக் குடுக்கிறது ரசீது மட்டும்தான், அதை வச்சு விப்பனையை நிறைவேத்தச் சொல்லிக் கேக்கேலாது. உறுதி எந்தப் பாசையில இருந்தாலும் கையெழுத்து வைக்க முந்தி நொத்தாரிசிட்ட வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கோ, அது அவற்ற கடமை.

சொல்லாமல் விக்கிறது

கெதியா முடியும், முழு விலையும் வரும், இதை நான் மறுக்கேல்ல. குறை உண்மையிலயே கண்ணுக்குத் தெரியிறது எண்டால், இடிக்கப்போற பழைய வீடெண்டால், சொல்லாமல் விக்கிறதில பெரிய ஆபத்து இல்ல. மற்ற இடங்களில இது கடனுக்கு எடுத்த காசு மாதிரி, எப்ப திருப்பிக் கேப்பினம் எண்டு தெரியாது. பெயின்ட் அடிச்சு மறைக்கிறது சும்மா இருந்ததை விட மோசம், ஏனெண்டால் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது எண்டதுக்கு அந்தப் பெயின்டே சாட்சி. பெயின்ட் அடிச்ச வேலையாளை, பக்கத்து வீட்டுக்காரரை, பழைய வாடகைக்காரரைக் கூப்பிட்டு விசாரிச்சால் எல்லாம் வந்திடும். புரோக்கருக்கு உறுதி எழுதின அண்டைக்கே கமிஷன் கைக்கு வந்திடும், பிறகு லோயர் கடிதம் வாறது உங்கட பேருக்கு.

இந்த வழியோட கூடவே வாற இன்னொண்டு, உறுதியில விலையைக் குறைச்சு எழுதுறது. மேல் மாகாணத்தில வேண்டுறவர் கட்டுற முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், 6 கோடி வீடெண்டால் 23 லட்சத்து 99 ஆயிரம், அதால அவர் "3 கோடி எண்டு எழுதுவம் அண்ணை" எண்டு கேப்பார். லாபம் அவருக்கு, தலையிடி உங்களுக்கு. மிச்சம் 3 கோடியைக் கைக்காசா வேண்டி வங்கியில போட்டால் எங்கால வந்ததெண்டு கேப்பினம், 10 லட்சமும் அதுக்கு மேலயும் வாற காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி, மத்திய வங்கியின்ர நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கோணும். முத்திரை வரி பாக்கிறவை சந்தை விலையையும் பாப்பினம். இதுக்கு ஒத்துக் கொள்ளாதேங்கோ.

பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தால்

| | திருத்திப்போட்டு | சொல்லிப்போட்டு | சொல்லாமல் |
|---|---|---|---|
| விலை | முழு விலை | கொஞ்சம் குறையும் | முழு விலை, நிண்டு பிடிச்சால் |
| முன் செலவு | கூட | இணைப்புத்தாள் எழுதுற செலவு மட்டும் | இல்ல |
| காலம் | மாசக்கணக்கு, சிலநேரம் வருசம் | சாதாரண காலம் | கெதி |
| வங்கி லோன் | கிடைக்கும் | பிளான் குறையெண்டால் கஷ்டம் | லோயர் கண்டு பிடிச்சால் நிண்டு போகும் |
| பிறகு வாற பொறுப்பு | மிகக் குறைவு | எழுதின குறைக்கு இல்ல | முழுக்க உங்கட தலையில |

எந்த வழியில போனாலும் தப்பேலாதது

மூலதன ஆதாய வரி, அதான் வித்து வாற லாபத்துக்குக் கட்டுற வரி, 2018 ஏப்ரல் 1ல இருந்து திரும்பி வந்தது, தனியாளுக்கு 10 வீதமா இருந்தது 2025 ஏப்ரல் 1ல இருந்து 15 வீதம். 2017 செப்டம்பர் 30க்கு முந்தியே உங்கட கையில இருந்த வீடெண்டால் வேண்டின விலையைப் பாக்கிறேல்ல, அண்டைக்கு இருந்த சந்தை விலைதான் அடக்க விலை. அண்டைக்கு நாலரைக் கோடி பெறுமதி, இப்ப 6 கோடிக்கு விக்கிறியள் எண்டால் ஒண்டரைக் கோடி ஆதாயம், 15 வீதம் 22 லட்சத்து 50 ஆயிரம். வித்து ஒரு மாசத்துக்குள்ள ரிட்டர்ன் போடோணும். அந்த 2017 தேதிக்குப் பிறகு வீட்டில போட்ட பெரிய வேலையின்ர செலவையும் அடக்க விலையில சேக்கலாம், அதால திருத்தின ரசீது இங்கயும் காசு. நீங்களே குடியிருந்த பிரதான வீடெண்டால், விக்க முந்தி மூண்டு வருசம் தொடர்ந்து உங்கட பேரில இருந்து, அதில ரெண்டு வருசமெண்டாலும் நீங்கள் வாழ்ந்திருந்தால் விலக்கு இருக்கு. வாடகைக்கு விட்டிட்டு வெளியில இருக்கிறவைக்கு இந்த விலக்கு வராது.

யாழ்ப்பாணத்து ஆக்கள் கொழும்பில மறந்து போற ஒண்டும் இருக்கு. தேசவழமைக்கு, அதான் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட கலியாணம் கட்டின பெண், சீதனமா வந்த வீடெண்டாலும் சரி, தன்ர பேரில உள்ள அசையாச் சொத்தை விக்கிறதெண்டால் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், 1911ம் ஆண்டுச் சட்டம் அப்பிடிச் சொல்லுது, வீடு வெள்ளவத்தையில இருக்கு எண்டதால அது விட்டுப் போகாது. 2020களிலயும் ஒரு பொம்பிளை தன்ர சொத்தை விக்க இன்னொராளின்ர கையெழுத்துக்கு நிக்கோணுமெண்டது எனக்குக் கவலையான விசயம், ஆனால் சட்டம் மாறும் வரைக்கும் அந்தக் கையெழுத்து இல்லாத உறுதி ஓட்டையான உறுதி. முன்வாங்கல் உரிமை, அதான் பங்காளிக்கும் வாரிசுக்கும் முதல்ல கேக்கோணும் எண்டது, வடக்கில உள்ள காணிக்குத்தான், கொழும்பு வீட்டுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

வேண்டுறவர் ஆரெண்டதையும் பாருங்கோ. 2014ம் ஆண்டு 38ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குப் பொதுவாக் காணி மாத்திக் குடுக்கேலாது. எங்கட சொந்தக்காரர்தானே எண்டு நினைச்சு லண்டன் பாஸ்போட் மட்டும் உள்ளவருக்கு எழுதப் போனால் நொத்தாரிசு நிப்பாட்டுவார், இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர் எண்டால் பிரச்சினை இல்ல.

இனி அந்த மூண்டு பேருக்கும்

கொட்டாஞ்சேனை அக்கா, முதல்ல மேல்மாடி தெருக்கோட்டுக்கு வெளியில நிக்குதோ எண்டு பாருங்கோ. வெளியில எண்டால், ஒரு வருசம் பொறுக்கேலுமெண்டால் கவரிங் அப்ரூவலுக்குப் போங்கோ, லோன் எடுக்கிற குடும்பங்கள்தான் உங்கட ஏரியாவில கூட வருகினம், அவைக்கு சிஓசி வேணும். மகளின்ர கலியாணம் தையில எண்டு எழுதியிருந்தியள், அதுக்குள்ள காசு வேணுமெண்டால் இணைப்புத்தாள் எழுதிப்போட்டு விலையைக் கொஞ்சம் இறக்கி விடுங்கோ.

டீச்சர், பெயின்ட் வேண்டாம். தண்ணி எங்கால வருது எண்டு முதல்ல பாப்பியுங்கோ. வெளிச் சுவர், மேல் சிலாப் பொதுப் பகுதிக்குள்ள வருமெண்டால் திருத்த வேண்டியது மனேஜ்மென்ட் கோப்பரேஷன், அதான் பிளாட் சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்த நிர்வாக அமைப்பு, அவைக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்து கொப்பி ஒண்டு வச்சிருங்கோ, அந்தக் கொப்பியே நீங்கள் மறைக்கேல்ல எண்டதுக்கு ஆதாரம். மாசக் கட்டணம் பாக்கி இல்லையெண்டு கடிதமும் எடுங்கோ. இன்னொண்டு, உங்கட பிளாட்டுக்குக் கொண்டோமினியம் பிளான் (ஒவ்வொரு பிளாட்டையும் தனிச் சொத்தாக் காட்டுற பிளான்) பதிஞ்ச தனி உறுதி இருக்கோ, இல்லாட்டிக் காணியில ஒரு பங்கு எண்டு எழுதின உறுதியோ எண்டு பாருங்கோ, பங்கு உறுதியெண்டால் ஒழுக்கை விட அதைத்தான் முதல்ல சொல்லோணும்.

டொரொன்டோ அண்ணைக்கு இப்ப மூண்டு வழியில எதுவும் திறந்தில்ல. தகப்பன் உயிரோட இருக்கேக்க சித்தப்பாவுக்குக் குடுத்த அற்றோனித் தத்துவம், அதான் தனக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற அதிகாரம், தகப்பன் கண் மூடின அண்டையோட முடிஞ்சு போச்சு, அதை வச்சு இனி ஒரு கையெழுத்தும் வைக்க விடாதேங்கோ. மாவட்ட நீதிமன்றத்தில செத்தவரின்ர சொத்துக்கான டெஸ்டமென்டரி வழக்குப் போட்டு, அந்தச் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தாற நிர்வாகக் கடிதம் எடுக்கோணும், அதுக்கு சகோதரங்கள் எல்லாரும் தூதரகத்திலயோ கொன்சலேட்டிலயோ புதுசாத் தங்கட அற்றோனியைக் கையெழுத்து வச்சு அனுப்போணும். அது நடக்கிற காலத்தில கீழ் வீட்டு ஆக்களோட இருந்து கதையுங்கோ. அவை எப்ப தொடக்கம் இருக்கினம், எழுத்தில அக்ரிமென்ட் இருக்கோ, 1972ம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள்ள வருவினமோ எண்டு லோயரிட்டப் பாப்பியுங்கோ, ஏனெண்டால் வீடு கை மாறினாலும் வாடகைக்காரரின்ர உரிமை அப்பிடியே நிக்கும், வேண்டுறவர் அதைத் தெரிஞ்சு கொண்டுதான் வேண்டோணும். வாடகை ரசீதுப் புத்தகம் அப்பாவின்ர அலுமாரிக்குள்ள எங்கயாவது இருக்கும், சித்தப்பாவை முதல்ல அதைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கோ.